பற்றரி புதிது, ஆனாலும் காலையில் கார் ஸ்ராட் ஆகவில்லை: ஓல்டனேற்றரை மாற்ற முன் என்ன பார்க்கலாம்?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: கிளிநொச்சியில் இருக்கிறார், 2012 ரொயோட்டா விட்ஸ் கார், ஒட்டோ கியர். பற்றரி மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை. சில நாள் காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான். பொனற்றைத் திறந்து பற்றரி ரெர்மினலில் ஸ்பனரால் தட்டினால் சில நேரம் ஸ்ராட் ஆகிவிடும். எஞ்சின் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஓல்டனேற்றரை மாற்றச் சொல்கிறார்கள் கராஜில். மாற்றலாமா, வீட்டிலேயே பார்க்கக்கூடியது ஏதும் உண்டா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். கிளிநொச்சிப் பக்கம் வாகன வயரிங் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. தட்டினால் ஸ்ராட் ஆகிறது என்கிறீர்களே, ஓல்டனேற்றர் பழுதாகி பற்றரி இறங்கியிருந்தால் எத்தனை தட்டுத் தட்டினாலும் அதற்குள் கரண்ட் வராது. தட்டியதும் எடுக்கிறது என்றால் பற்றரிக்குள் கரண்ட் இருக்கிறது, அது வெளியே போகும் வழியில்தான் எங்கோ சரியாகத் தொடவில்லை. கராஜ் அண்ணை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. நாலு வாகனம் வரிசையில் நிற்கும்போது அளந்து பார்க்க நேரமில்லாமல் அனுபவத்தில் ஒன்றைச் சொல்லிவிடுவது நடக்கிறதுதான். ஆனால் காசு உங்களுடையது. அதனால் அளக்காமல் எந்தச் சாமானையும் மாற்ற விடாதீர்கள். வோல்ற்றும் அம்பியரும் அளக்கும் ஒரு சின்ன டிஜிற்றல் மல்ரிமீற்றர் வாங்குங்கள், எந்த இலெக்ற்றிக் கடையிலும் கிடைக்கும், ஓல்டனேற்றர் விலையோடு பார்த்தால் அது ஒரு காசே இல்லை.

முதலில் மீற்றரே தேவையில்லாத ஒரு சோதனை. ஹெட்லைற்றைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். டிக் டிக் சத்தத்தோடு லைற்றும் மங்கிச் செத்துப் போனால் பற்றரி இறங்கியிருக்கிறது அல்லது தொடுப்புச் சரியில்லை. லைற் பளிச்சென்று அப்படியே நிற்க, ஒரே ஒரு டொக் மட்டும் கேட்டால் எஞ்சினைச் சுழற்றிவிடும் ஸ்ராட்டர் பக்கம் பார்க்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் கியர் பார்க்கிங்கில் சரியாக விழுந்திருக்கிறதா, சாவியைக் கார் அடையாளம் காண்கிறதா, பியூஸ் போயிருக்கிறதா என்று போக வேண்டும். உங்களுடையது முதல் வகை.

இப்போது ரெர்மினல். கைவிளக்கை அடித்துக் கிட்டப் போய்ப் பாருங்கள். பற்றரியின் ஈயத் தலையும் அதைப் பிடிக்கும் வயரின் கிளாம்பும் சேரும் இடத்தில் வெள்ளையாகவோ பச்சை நீலமாகவோ தூள் பூத்திருக்கும். மேலே பூத்தது கண்ணுக்குத் தெரியும், கிளாம்பின் உள்வட்டத்தில் கறுப்பாகப் படிந்திருப்பது கழற்றினால்தான் தெரியும், உண்மையில் வழியை மறிப்பது அதுதான். கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். ஏனென்றால் பிளஸைக் கழற்றும் ஸ்பனர் தவறுதலாகக் காரின் இரும்பில் முட்டினால், மைனஸ் பூட்டியிருந்தால் பெரிய பொறி பறக்கும். மோதிரம், கைமணிக்கூடு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். சுடுதண்ணீரில் அப்பச்சோடாவைக் கரைத்துக் கிளாம்பில் ஊற்றினால் நுரைத்து அந்தத் தூள் கரையும். பற்றரி மூடிகளுக்குள் மட்டும் அது போகக்கூடாது. பிறகு தலையையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் சாண்ட் பேப்பரால் வெள்ளி நிறம் வரும்வரை தேய்த்து, துடைத்து, காயவிட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு கையால் பிடித்துத் திருப்பினால் கிளாம்ப் அசையவே கூடாது. வாஸ்லீன் பூசுவது இறுக்கிய பிறகு மேலால்.

அசைகிறதா? அப்படியென்றால் இதையும் பாருங்கள், உங்கள் விஷயத்தில் எனக்கு வலுவான சந்தேகம் இங்கேதான். ஜப்பான் சின்னக் கார்களுக்கு வரும் பற்றரியில் மெல்லிய தலை, தடித்த தலை என்று இரண்டு வகை உண்டு. 46பி24எல் என்று எழுதியிருந்தால் மெல்லியது, அதே எண்ணின் கடைசியில் எஸ் சேர்ந்து 46பி24எல்எஸ் என்று இருந்தால் தடித்தது. தடித்த தலைக்கான கிளாம்ப் உள்ள காருக்கு மெல்லிய தலைப் பற்றரியைக் கொடுத்து, இடைவெளிக்குள் செப்புக் கம்பியையோ தகட்டுத் துண்டையோ செருகி இறுக்கி அனுப்புவதை இங்கே நிறையப் பார்க்கிறேன். சில வாரம் நன்றாக ஓடும், பிறகு நம் குன்று குழி ரோட்டுக் குலுக்கலில் தளர்ந்து, சூடாகி, தூள் பூத்து, உங்களுக்கு நடப்பதுபோல நடக்கும். இதற்கென்றே ஈயத்தில் செய்த கவசம் விற்கிறார்கள், அதைப் போடலாம், இல்லையென்றால் சரியான கிளாம்பைப் போடலாம்.

சரி, மீற்றருக்கு வருவோம். டிசி 20 வோல்ற்றில் வையுங்கள். இரவு முழுக்க நின்ற காரில், காலையில் ஒன்றையும் போடாமல், பற்றரித் தலையிலேயே வைத்து அளந்தால் 12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட வெறுமை. ஓடிவந்து நிறுத்திய கையோடு அளந்தால் உண்மையை விடக் கூடுதலாகக் காட்டும். அடுத்து, வீட்டில் ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் எண்ணைப் பாருங்கள். திருப்பும் அந்த நேரம் 10 வோல்ற் அளவிலாவது நிற்க வேண்டும். 12.6 இருந்தது திருப்பியதும் 8, 7 என்று விழுந்தால் பற்றரிக்குள்ளேயே கோளாறு, உத்தரவாத அட்டையை எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்குப் போங்கள்.

இதற்குப் பிறகு வருவது நிறையப் பேர் செய்யாத சோதனை. மீற்றரின் ஒரு முனையை ஈயத் தலையின் நடுவிலும் மற்ற முனையை அதே தலையைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோகத்துக்கு இடையில் பூச்சியம்தான் வரவேண்டும். 0.2க்கு மேல் காட்டினால் அந்த இடத்தில் வோல்ற் தொலைகிறது. பிளஸ், மைனஸ் இரண்டிலும் செய்யுங்கள். பிறகு ஒரு முனையை மைனஸ் தலையிலும் மற்றதை எஞ்சினின் பெயின்ற் இல்லாத உலோகத்திலும் வைத்துத் திருப்பச் சொல்லுங்கள். இங்கேயும் 0.2க்குள்தான் இருக்க வேண்டும், அரை வோல்ற் வந்தால் மைனஸை எஞ்சினோடு இணைக்கும் ஏர்த் வயர் கெட்டிருக்கிறது. அந்த வயர் போய்ப் பூட்டும் போல்ற்றைக் கழற்றி, துருவைச் சுரண்டிப் பூட்டினாலே பல கார் சரியாகிவிடுகிறது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வெள்ளம் வந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரில் நின்ற வாகனங்கள் கொஞ்சமல்ல. அப்படி நனைந்த வண்டியில் ஏர்த் முனையும் கனெக்ரரும் உடனே கெட்டுப் போவதில்லை, உள்ளுக்குள் பச்சை பிடித்து வருடக் கணக்கில் மெல்ல மெல்ல அரித்து வரும். பழைய கார் வாங்கியவர்கள் சீற்றுக்குக் கீழே கார்ப்பெற்றைத் தூக்கி ஒரு தடவை பாருங்கள்.

ஓல்டனேற்றரை இப்போது விசாரிக்கலாம். எஞ்சின் ஓடும்போது பற்றரித் தலையில் 13.8 முதல் 14.5 வரை வருவது வழமை. ஹெட்லைற், ஏசி எல்லாம் போட்டாலும் 13.5 அளவில் தாங்க வேண்டும். 15க்கு மேல் போனால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் கெட்டு, பற்றரியைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதை ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். 12 சொச்சத்தில் நின்று மெல்ல இறங்கிக்கொண்டே போனால்தான் ஓல்டனேற்றரோ அதன் பெல்ற்றோ குற்றவாளி. ஒரு எச்சரிக்கை: புதிய வகை ஜப்பான் கார்கள் சிலவற்றில் பற்றரி நிறைந்ததும் கம்பியூட்டரே எண்ணெய்ச் செலவைக் குறைக்க சார்ஜை இறக்கிவிடும். 12.8 என்று கண்டவுடன் தீர்ப்பு எழுதாமல் ஹெட்லைற்றைப் போட்டு மறுபடி பாருங்கள்.

ஓல்டனேற்றரைச் சோதிக்க, எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றி, எஞ்சின் நின்றுவிடுகிறதா என்று பார்ப்பார்கள் சிலர். அதைச் செய்ய யாரையும் விடாதீர்கள், எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும். போர்க்காலத்தில் எரிபொருள் தடையிருந்து மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய நாட்களிலும் இருந்த பழைய பழக்கம் இது. ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கிடைத்த சாமானை வைத்து இந்த மண்ணில் வாகனங்களை உயிரோடு வைத்திருந்த மெக்கானிக்மார் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, நான் தொழில் பழகியதும் அவர்களிடம்தான். ஆனால் அந்த மொரிஸ் மைனரிலும் ஒஸ்ரினிலும் கம்பியூட்டர் கிடையாது. இன்றைய காரில் வயரைக் கழற்றும் அந்தக் கணத்தில் வோல்ற் எகிறி, ஓல்டனேற்றருக்குள் இருக்கும் டயோட்டும் காரின் கம்பியூட்டரான ஈசியூவும் போய்விடலாம்.

எல்லா எண்ணும் சரி, ஆனால் இரண்டு மூன்று நாள் நின்றால் பற்றரி இறங்குகிறது என்றால் நின்ற இடத்தில் ஏதோ கரண்டைக் குடிக்கிறது. மைனஸ் கிளாம்பைக் கழற்றி, மீற்றரின் வயரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, கிளாம்புக்கும் தலைக்கும் நடுவில் மீற்றரை வையுங்கள். கதவுகளை மூடி அரை மணி நேரம் விடுங்கள், காரின் கம்பியூட்டர்கள் தூங்க அவ்வளவு நேரம் ஆகும். 50 மில்லி அம்பியருக்குள் இருந்தால் பயமில்லை. 300 காட்டினால் ஒரு நாளைக்கு 7 அம்பியர் மணிக்கு மேல் போகிறது, உங்கள் அளவுப் பற்றரி மூன்று நாளில் பாதிக்கு வந்துவிடும். பியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், எதைக் கழற்றும்போது எண் விழுகிறதோ அந்த லைனில்தான் ஆள் இருக்கிறார். பெரும்பாலும் கார் வாங்கிய பிறகு பூட்டிய பாட்டுச் செற், அலாரம், கமரா, அல்லது அணையாத டிக்கி லைற். மீற்றர் நடுவில் இருக்கும்போது ஸ்ராட் மட்டும் பண்ணிவிடாதீர்கள், மீற்றர் போய்விடும். மாமரத்துக்குக் கீழே வாரக்கணக்கில் நிற்கும் கார் என்றால் எலியும் அணிலும் வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரும்போது மட்டும் எடுக்கும் கார்களில் இது கட்டாயம் பார்க்க வேண்டியது.

பியூஸைத் தொட்டதால் சொல்கிறேன், 10 அம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. சிவப்புப் போன இடத்துக்கு மஞ்சள் போட்டால் அடுத்த தடவை பியூஸுக்குப் பதிலாக வயர் எரியும்.

தண்ணீர் விடும் வகைப் பற்றரி என்றால் காய்ச்சி வடித்த டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். நம் கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர், கேத்திலின் அடியில் படிவதைத் தினமும் பார்க்கிறோம், அதுவே தகட்டிலும் படியும். குடிக்க வாங்கும் ஆர்ஓ தண்ணீரும் டிஸ்டில்ட் வாட்டரும் ஒன்றல்ல. றேடியேற்றருக்கும் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கூலன்ற் விடுங்கள், எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே வேண்டாம்.

நீங்கள் ரவுனுக்குள் மட்டும் ஓடுகிறவர் என்றால் இதையும் கவனியுங்கள். கரடிப்போக்குச் சந்திக்குப் போய்த் திரும்பும் தூரத்தில் ஸ்ராட் பண்ணச் செலவானதே திரும்பச் சேராது, நிறுத்திவைத்து பத்து நிமிடம் எஞ்சினை ஓட விடுவதாலும் பெரிதாக ஏறாது. வாரம் ஒரு தடவை ஏ9இல் மாங்குளம் வரை போய் வாருங்கள். 2022இல் எண்ணெய் இல்லாமல் கார்கள் வாரக்கணக்கில் நின்றபோது எத்தனை நல்ல பற்றரி நின்ற இடத்திலேயே செத்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஒட்டுசுட்டான் பக்கம் காட்டு ரோட்டில் இரவில் நின்றுவிட்டால் தட்டிக்கொண்டிருக்க முடியாது, யானை நடமாடும் இடம். ஜம்பர் வயர் ஒரு சோடி காரில் வைத்திருங்கள். சிவப்பை முதலில் இறங்கிய பற்றரியின் பிளஸில், அடுத்து நல்ல பற்றரியின் பிளஸில், கறுப்பை நல்ல பற்றரியின் மைனஸில், கடைசி முனையை உங்கள் எஞ்சினின் வெறும் இரும்பில், பற்றரியை விட்டுத் தள்ளி. பற்றரியிலிருந்து வரும் வாயு பொறியில் பற்றக்கூடியது என்பதால்தான் அந்தத் தள்ளல். அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் வைத்திருக்கும் வாசகர்களுக்கு: உங்கள் காரிலும் சின்ன 12 வோல்ற் பற்றரி ஒன்று இருக்கிறது, அதற்கு மேலே சொன்ன ஓய்வு வோல்ற் அளவு பொருந்தும், ஆனால் செம்மஞ்சள் நிற வயர் எதையும் கையால் தொடாதீர்கள்.

இவ்வளவும் பார்த்து, ஓல்டனேற்றர்தான் என்று எண்களே சொன்னால் மாற்றத்தான் வேண்டும், ஆனால் முழுதாக மாற்ற முன் கழற்றித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நம் புழுதியில் முதலில் தேய்வது உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ்தான், அது சின்னச் சாமான், ரெகுலேற்றரையும் பெயரிங்கையும் தனியாக மாற்றலாம். முழுதாக மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்கி, புதியதைப் பூட்டிய அதே இடத்தில் மீற்றரை வைத்து 14 வருகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். அளந்த எண்களைக் கீழே எழுதினால், எங்கே பிழை என்று சேர்ந்து பார்க்கலாம்.