பாஸ்டன் ஃப்ரீடம் ட்ரெயில்: நடக்கப் போகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

கே: ஒரு நாளில் முழுக்க நடந்துவிடலாமா? எங்கிருந்து தொடங்குவது?

ப: ஃப்ரீடம் ட்ரெயில் என்பது அமெரிக்க விடுதலைப் போர்க்கால இடங்களைத் தரையில் போட்ட சிவப்புக் கோட்டால் இணைக்கும் நடைபாதை. தூரம் இரண்டரை மைல், இடங்கள் 16. உள்ளே போய்ப் பார்த்தால் முழு நாள் வேண்டும். எல்லாரும் பாஸ்டன் காமன் பூங்காவில் தொடங்குவார்கள். நார்த் எண்ட் வந்ததும் கால் வலிக்கும், பசிக்கும், அங்கேயே முடித்துக்கொள்வார்கள். பாலத்துக்கு அப்பால் இருக்கும் சார்ல்ஸ்டவுன் விட்டுப்போகும். அதனால் தலைகீழாக நடங்கள். மெட்ரோ ரயிலின் ஆரஞ்சு லைனில் கம்யூனிட்டி காலேஜ் நிறுத்தத்தில் இறங்கி, கால் மணி நடந்தால் பங்கர் ஹில் நினைவுத்தூண். 294 படி, லிஃப்ட் கிடையாது. காலையில் தெம்போடு ஏறிவிடுங்கள். பிறகு கடற்படைத் தளத்துக்கு இறங்கி, பாலம் கடந்து, சிவப்புக் கோட்டோடு காமன் வரை வாருங்கள்.

கே: அப்படிப் போனால் வரலாற்று வரிசை கெட்டுவிடாதா?

ப: எந்தத் திசையில் நடந்தாலும் கால வரிசை கிடையாது. காமன் பக்கமிருந்து வந்தால் இரண்டாவது இடமான ஸ்டேட் ஹவுஸ் 1798-ல் கட்டி முடித்தது. கடைசியில் வரும் பங்கர் ஹில் சண்டை 1775 ஜூன் 17. சுதந்திரப் பிரகடனத்தை 1776 ஜூலை 18 அன்று வாசித்த பால்கனி நடுவழியில், ஓல்ட் ஸ்டேட் ஹவுஸில் இருக்கிறது. அதன் கீழே சாலைச் சந்திப்பில் வட்டமாகக் கல் பதித்திருப்பார்கள். 1770 மார்ச் 5 அன்று பிரிட்டிஷ் படையினர் ஐந்து பேரைச் சுட்டுக்கொன்றதன் அடையாளம் அதுதான். சிக்னலைப் பார்த்துக்கொண்டே மிதித்துப் போய்விடுகிறார்கள், குனிந்து பாருங்கள்.

கே: கிரானரி கல்லறைத் தோட்டத்தில் ஃபிராங்க்ளின் சமாதி எங்கே?

ப: அவருடையது பிலடெல்ஃபியாவில். இங்கே நடுவில் நிற்கும் தூண் அவர் பெற்றோருக்கு.

கே: பிரிட்டிஷ் வரியை எதிர்த்துக் கடலில் தேயிலையைக் கொட்டிய இடம் எத்தனையாவது?

ப: இந்தப் பாதையில் அது இல்லை. 1773 டிசம்பர் 16 அன்று கூட்டம் கூடிய ஓல்ட் சவுத் மீட்டிங் ஹவுஸ் உண்டு. கொட்டிய 342 பெட்டியும் சீனத் தேயிலை. அஸ்ஸாம் தேயிலை சந்தைக்கு வர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது.

கே: ஓல்ட் நார்த் சர்ச் கோபுரத்தில் எரிந்த இரண்டு விளக்கைப் பார்த்துத்தானே பிரிட்டிஷ் படை வருகிறது என்று எச்சரிக்க பால் ரெவியர் குதிரை ஏறினார்?

ப: இல்லை. விளக்கு ஏற்றச் சொன்னவரே அவர்தான். படை கிளம்பும் செய்தி 1775 ஏப்ரல் 18 இரவு விடுதலை இயக்கத் தலைவர் டாக்டர் ஜோசப் வாரன் மூலம் அவருக்கு முன்பே கிடைத்துவிட்டது. ஆற்றைக் கடக்க முடியாமல் மாட்டிக்கொண்டால் அக்கரையிலுள்ள சார்ல்ஸ்டவுனுக்குச் செய்தி போக வேண்டுமே, அதற்காக வைத்த சைகை அது.

கே: பள்ளியில் வேறு மாதிரி படித்தோமே. அக்கரையில் குதிரையோடு காத்திருந்தார் என்று கவிதையே இருக்கிறது.

ப: லாங்ஃபெல்லோ அதை எழுதியது 1860-ல், சம்பவம் நடந்து 85 வருடம் கழித்து. ரெவியர் தன் கைப்பட எழுதிய கடிதம் இருக்கிறது. இரண்டு பேர் துடுப்புப் போட, சோமர்செட் போர்க்கப்பலைத் தாண்டி சார்ல்ஸ்டவுனில் இறங்கியதாகவும், குதிரை அங்கேதான் கிடைத்ததாகவும் சொல்கிறார். படை குறிவைத்த காங்கார்டு ஊர் வரை அவர் போகவும் இல்லை. வழியில் பிடிபட்டார், போய்ச் சேர்ந்தவர் டாக்டர் பிரஸ்காட். சர்ச்சுக்குப் பக்கத்தில் காப்ஸ் ஹில் கல்லறைத் தோட்டம் ஏறி வடக்கே பாருங்கள், விளக்கு யாருக்காக என்பது அந்தத் தண்ணீரைப் பார்த்தாலே புரியும். பாலத்தைக் கடக்காமல் திரும்பாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கே: கடற்படைத் தளத்தில் நிற்கும் பழைய போர்க்கப்பலான கான்ஸ்டிட்யூஷனுக்கு டிக்கெட் எவ்வளவு?

ப: இலவசம். ஆனால் சோதனை உண்டு, பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் புகைப்பட அடையாள அட்டை வேண்டும். பாஸ்போர்ட்டை ஓட்டலில் வைத்துவிட்டு வராதீர்கள். கப்பல் எல்லா நாளும் திறந்திருக்காது, கிளம்புமுன் பாருங்கள்.

கே: குழந்தை வண்டி தள்ளலாமா?

ப: தள்ளலாம். செங்கல் நடைபாதை மேடுபள்ளம், சின்னச் சக்கரம் சிக்கும். மழையில் வழுக்கும்.

கே: எங்கிருந்து தொடங்கலாம்?

ப: முதல் பதிலைப் பாருங்கள்.

கே: கார் எங்கே நிறுத்த?

ப: காமனுக்கு அடியில் கராஜ் இருக்கிறது. ரயிலில் வருவதே நல்லது. காமனிலிருந்துதான் நடப்பேன் என்றால், முடிவில் கடற்படைத் தளத்திலிருந்து லாங் வார்ஃபுக்குப் படகில் திரும்பலாம்.