கானாற்றங்கரையில் கொட்டகை போடலாமா?

கேள்வி: ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலையடிவாரத்தில் 40 சென்ட் வாங்கப் பேசியிருக்கிறேன். ஓரமாக ஒரு கானாறு போகிறது, எப்போது பார்த்தாலும் மணல்தான். மாட்டுக்கொட்டகை போடும் எண்ணம். கோடை இடிமழையில் அதில் வெள்ளம் வருமா? போனில் மழை காட்டுகிற அன்று மட்டும் மாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிட்டால் போதாதா? 20 வருஷமாகத் தண்ணீரே வந்ததில்லை என்கிறார் புரோக்கர்.

பதில்: போதாது. போன் ஒன்றும் காட்டாத சாயங்காலத்திலும் தண்ணீர் வரும்.

போனில் வரும் கணிப்பு, நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போடுகிற கணக்கு. ஒரு கட்டம் 9 கி.மீ. இருக்கும், சிலவற்றில் 25 கி.மீ. கோடை இடிமேகம் கொட்டுகிற இடமோ பல சமயம் 5 கி.மீ. அகலம்கூட இருக்காது. அந்தக் கட்டத்துக்குள் ஜவ்வாது மலையே மழுங்கிய மேடாகிவிடுகிறது. அதில் உங்கள் கானாறு எங்கே தெரியப்போகிறது? சென்னையில் இருக்கும் வானிலை ரேடார் நல்ல கருவிதான். ஆனால் பூமி உருண்டை. வேலூர் வரும்போது அதன் தாழ்ந்த கதிரே தரைக்குமேல் சுமார் 2 கி.மீ. உயரத்தில் போகிறது. மேகம் இருப்பது தெரியும், கீழே எவ்வளவு விழுகிறது என்பது உத்தேசம்தான்.

அப்புறம் அரசாங்கக் கணக்கு. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தொட்டால்தான் அதற்குப் பெயர் கனமழை. மலையில் முக்கால் மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டி நின்றுவிட்டால் ஏட்டில் அது 'மிதமான மழை'! 10 சதுர கி.மீ. சரிவில் அந்த மிதமான மழை 50 கோடி லிட்டர் தண்ணீர். பாறையும் காய்ந்து இறுகிய மண்ணும் அதில் எவ்வளவைக் குடிக்கும்? மழைமானிகள் பெரும்பாலும் ஊருக்குள் இருக்கின்றன, கணக்கெடுப்பது காலை 8.30-க்கு. கானாறு வடிந்து மணல் காய்ந்த பிறகு மில்லிமீட்டர் வந்து சேர்கிறது. எச்சரிக்கையோ மாவட்டத்துக்கு ஒரே நிறம். 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தும், காட்பாடிக்கும் உங்கள் அடிவாரத்துக்கும் இன்னும் ஒரே மஞ்சள்தான்.

ஆகவே மலையைப் பாருங்கள். காலையிலிருந்தே பிசுபிசுப்பு, மதியத்துக்கு மேல் கிழக்குக் காற்று, இரண்டு மூன்று மணிக்கு மலைமேல் காலிஃபிளவர் மாதிரி மேகம் எழும்பி, உச்சி பட்டறைக் கல் போலத் தட்டையாக விரிந்தால் அது இடிமேகம். அது நகர்ந்துகொண்டே போனால் பரவாயில்லை. அரை மணி நேரமாக ஒரே இடத்தில் கறுத்து நின்றால் மாட்டை அவிழ்த்துவிடுங்கள், உங்கள் தலைக்கு மேலே ஒரு துளி விழாவிட்டாலும் சரி. நட்சத்திரம் தெரிகிற வானத்தின் கீழே கானாறு இரைந்துகொண்டு வந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன். முதலில் வருவது தண்ணீர் இல்லை. சருகும் சுள்ளியும் நுரையும் ஒரு முழ உயரத்துக்குச் சுருண்டு உருண்டு வரும். பின்னாலேயே செந்தண்ணீர்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மலைக்கும் உங்கள் நிலத்துக்கும் நடுவில் ஏரி இருந்தால் கதை வேறு. மே மாதம் ஏரி காய்ந்து கிடக்கும், ஒரு கோடை மழையை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஆனால் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வரத்துக்கால் திறந்திருந்தால்தான். அதை நடந்தே பாருங்கள். கானாற்றிலிருந்து பிரிகிற இடம் தொடங்கி ஏரி வாய் வரை போங்கள். நடுவில் யாராவது மண் கொட்டிப் பாதை போட்டிருந்தாலோ, மனைக்கல் நட்டிருந்தாலோ ஏரி இருந்தும் பயனில்லை, தண்ணீர் நேரே உங்களிடம்தான் வரும். ஏரி ஏற்கெனவே நிரம்பி, மிச்சத் தண்ணீர் போக விட்ட கலங்கல் வழிகிற வருஷமும் அப்படித்தான்.

அந்த மனைக்கல்லை நட்டவர் யார்? உங்கள் புரோக்கரைப் போலத் தொழில் செய்கிறவர்தான். 20 வருஷமாகத் தண்ணீர் வரவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். அதனால் என்ன? இடிமழை முறை வைத்துப் பெய்வதில்லை. அவரிடம் பேசாமல் கானாற்றைக் கேளுங்கள். கரையில் ஆள் தூக்க முடியாத உருண்டைக் கல் கிடக்கிறதா? வேலமரத்தின் கவட்டையில் பழைய சருகும் பிளாஸ்டிக்கும் சிக்கியிருக்கிறதா? அந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (ஊரின் நிலப் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) பாருங்கள். ஓடைப் புறம்போக்கு எங்கே முடிகிறது என்று சர்வேயரை வைத்து அளந்து கல் போட்ட பிறகே அட்வான்ஸ். "சார், ஓடையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டால் அஞ்சு சென்ட் கூடும்" என்பார்கள். ஒதுக்கின ஓடை பழைய வழிக்கே திரும்பும், கூடவே உங்கள் கொட்டகையையும் எடுத்துக்கொண்டு. பட்டா இருக்கிறதே என்பார்கள். பட்டாவைப் பார்த்துத் தண்ணீர் நிற்காது.

நிலத்தின் மேட்டுப் பக்கம், அந்தச் சருகு நிற்கும் உயரத்துக்கு மேலே கொட்டகை போடுங்கள், வாசல் மேட்டைப் பார்த்து இருக்கட்டும். மாடுகளைச் சங்கிலியில் பூட்டாதீர்கள். கயிற்றில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். இருட்டில், நனைந்த கையால் ஒருமுறை அவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.