எலும்பு தெரியுற காயத்தில் தோல் ஒட்டுமா?

கேள்வி: வீட்டுக்காரர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த எங்கள் ஆறு வயதுப் பையனின் கால் சக்கரக் கம்பிக்குள் போய்விட்டது. குதிகாலுக்குப் பின்னால் சதை பிய்ந்து நரம்பும் எலும்பும் தெரிகிறது. 'ஃபிளாப் ஆபரேஷன்' என்கிறார்கள். தொடைத் தோலை எடுத்து ஒட்டினால் போதாதா?
ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: போதாதுங்க அம்மணி. தொடையிலிருந்து சீவி எடுக்கிற தோலுக்கு என்று ரத்தக்குழாய் கிடையாது, முதல் சில நாள் அடியில் இருக்கிற சதைதான் அதற்கு ஊட்ட வேண்டும், சதை இருந்தால் பிடித்துக்கொள்ளும், மேல் சவ்வு போன வெறும் எலும்பில் வைத்தால் பாறையில் நாற்று நட்ட கதைதான். நீங்கள் நரம்பு என்று எழுதியிருப்பது அநேகமாகக் குதிநாண், அதாவது கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு கட்டுகிற நார். அதுவும் அப்படித்தான், மூடாமல் விட்டால் காய்ந்து செத்துப்போகும். அதனால் நாள் கடத்தாதீர்கள்.

ஃபிளாப் என்பது வயலை வாய்க்காலோடு சேர்த்து நகர்த்தி வைக்கிற வேலை. தோல், அடிக்கொழுப்பு, சில சமயம் தசையும் சேர்த்து, ரத்தம் வருகிற குழாய் அறாமல் கெண்டைக்காலிலிருந்து திருப்பிக் கொண்டுவருவார்கள். காயம் பெரிதென்றால் தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ தனியாகவே எடுத்து, மைக்ரோஸ்கோப் வைத்து, தலைமுடியை விட மெல்லிய நூலால் காலில் இருக்கிற குழாயோடு தைப்பார்கள். சின்னப் பிள்ளைக்குக் குழாய் சின்னதாச்சே என்று பயப்படுவீர்கள். சின்னதுதான், ஆனால் பீடியும் சர்க்கரையும் பார்க்காத சுத்தமான குழாய். இதற்காகச் சென்னைக்கு ஓடவும் வேண்டாம், கோவையிலேயே செய்கிறார்கள். ஒரு காலை இன்னொரு காலோடு தைத்து மூன்று வாரம் அசையாமல் போடுகிற பழைய முறையும் உண்டு, இப்போது அது வேறு வழியில்லாதபோதுதான்.

முதல் இரண்டு மூன்று நாள்தான் நெருப்பு. நர்ஸ் அடிக்கடி வந்து நிறமும் சூடும் பார்ப்பார், தூங்கும் பையனை எழுப்புகிறாரே என்று சண்டைக்குப் போகாதீர்கள். வெளுத்தால் ரத்தம் போகவில்லை, நீலம் பாய்ந்தால் திரும்பவில்லை, சீக்கிரம் கண்டால் காப்பாற்றலாம். கால் உயரத்திலேயே இருக்கட்டும். அப்பிச்சி ஆசையாகத் தூக்கி மடியில் வைத்துக் காலைத் தொங்கவிட வேண்டாம். அப்புறம், காயத்தில் யாராவது காபித்தூள் அப்பியிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

ஆறின பிறகு அந்த இடம் பன் மாதிரி உப்பித் தெரியும், பல மாதம் கழித்துக் குறைத்துக்கொள்ளலாம். பையன் வளர வளரத் தழும்பு இழுக்கும், அதனால் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே உணர்ச்சி குறைவு, ஷூ கடித்தாலும் அவனுக்குத் தெரியாது. பள்ளிவிட்டு வந்ததும் சாக்ஸைக் கழற்றிக் குதிகாலை நீங்களே பாருங்கள்.