வலி இல்லை என்று காத்திருக்க வேண்டாம்

தம்பி, மாற்றுச் சிறுநீரகம் வைத்த மூன்றாம் மாதம் அப்பாவுக்கு கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய ரத்தக் கழிவு) 1.2-லிருந்து 2.1 ஆகிவிட்டது, ஸ்கேனில் அந்தச் சிறுநீரகத்தில் வீக்கம், ஆனால் வலியே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சிறுநீரகத்துக்கு நரம்புத் தொடர்பு அறுபட்டிருக்கும். சிறுநீர் இறங்கும் வழி அடைத்தாலும் பெரும்பாலும் வலி தெரியாது. சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பையோடு தைத்த நுனியில்தான் அதிகம் சுருங்கும், அங்கே ரத்த ஓட்டம் குறைவு.

என் மனைவிக்கும் இதேதான். அடிவயிறு வழியாக மெல்லிய குழாய் விட்டு சிறுநீரை வெளியே எடுத்தார்கள். மஞ்சக்குப்பம் வீட்டில் பையில் சேர்ந்ததை வேளாவேளைக்கு அளந்து நோட்டில் எழுதுவேன். கிரியேட்டினின் இறங்கியது. அப்புறம் சுருங்கிய இடத்தைப் பலூனால் விரித்து, மறுபடி அடைக்காமல் இருக்க உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்தார்கள். சிலருக்கு மறுபடி அறுவை செய்து இணைக்க வேண்டிவரும்.

நாளைக்கே புதுச்சேரியில் மாற்று சிகிச்சை செய்த மருத்துவரிடம் போங்கள். காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ இரவே கிளம்புங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.