அம்மாவோடு பாத் நகரில் ஒரு நாள்

முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் இங்கிலாந்தின் பாத் நகரில் ஒரே நாள், எதை விடலாம் என்று கேட்டிருந்தீர்கள். பிறை வடிவில் வளைந்த பழைய வீட்டு வரிசையான ராயல் கிரசென்ட்டை விடுங்கள், மேட்டில் இருக்கிறது. ஆசையிருந்தால் டாக்சியில் ஒரு சுற்று. ரோமானியக் குளியல் கூடமும் அபே தேவாலயமும் பக்கத்துப் பக்கத்தில்தான். ஆனால் அந்தக் குளத்தில் குளிக்க விடமாட்டார்கள், பச்சைத் தண்ணீரில் ஆவி பறப்பதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். முங்கி எழ வேண்டுமென்றால் தெர்மே ஸ்பா என்ற வெந்நீர்க் குளியல் நிலையத்தின் மொட்டைமாடிக் குளம் இருக்கிறது. ரோமானியக் கூடத்தில் ஊற்று நீரைக் குடித்துப் பாருங்கள். வெதுவெதுவென்று, துருப்பிடித்த ஆணியை நக்கியது போல இருக்கும். வாய் கசந்துபோனால் சரி, சாலி லன் கடைக்குப் போங்கள். பஞ்சு மாதிரி பெரிய பன், மேலே இலவங்கப்பட்டை வெண்ணெய். பாதியே வயிற்றை நிரப்பிவிடும். பழைய வீடு, படிகள் குறுகல். தரைத்தளத்திலேயே இடம் கேளுங்கள்.