பட்டா கிடைத்தால் கடன் கிடைத்துவிடுமா?

கேள்வி: வளரும் நாடுகளில் சிறு விவசாயிகள் எல்லோருக்கும் பட்டா கொடுத்துவிட்டால், அதை வங்கியில் ஈடு காட்டிக் கடன் வாங்கி முன்னேறிவிடுவார்கள் என்கிறார்களே, நடக்குமா?

பதில்: கடன் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. பெரு நாட்டில் 1996-க்குப் பிறகு, நகர ஓரங்களில் குடியேறியிருந்த பத்து லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்களுக்கு உரிமைப் பத்திரம் கொடுத்தார்கள். தனியார் வங்கிகள் அதைப் பார்த்துக் கடனை அள்ளிக் கொடுத்துவிடவில்லை. வேறொன்று நடந்தது. இடத்தை யாராவது பிடித்துக்கொள்வார்களோ என்று வீட்டுக்குக் காவலிருந்தவர்கள் வெளியே வேலைக்குப் போகத் தொடங்கினார்கள்.

கிராமத்தில் கடன் கிடைப்பது இன்னும் கடினம். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நிலத்துக்கு வில்லங்கம் பார்த்து, மதிப்புப் போட்டு, ஆளனுப்பி வசூலிக்க ஆகும் செலவு அந்தச் சிறு கடனின் வட்டியில் தேறாது. தவணை தவறினால் ஏலம் விட வேண்டும். நொடித்துப்போன பக்கத்துக் காட்டுக்காரரின் நிலத்தை ஏலத்தில் எடுக்க ஊரில் யார் முன்வருவார்கள்? விவசாயியும் கணக்குப் பார்க்கிறார். ஒரு மழை பொய்த்தால் இருக்கிற ஒரே நிலமும் கைவிட்டுப் போகும். அதை ஈடு வைக்க அவர் தயங்குவதை அறியாமை என்று எழுதும் நிபுணர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது.

அப்படியானால் பட்டாவே வேண்டாமா? வேண்டும், ஆனால் அதன் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. எத்தியோப்பியாவில் 1975 முதல் நிலம் பொதுவுடைமை. அரசு அவ்வப்போது மறுபங்கீடு செய்ததால், இன்று உழும் நிலம் நாளை யாருக்கோ என்ற பயம் இருந்தது. 1998-ல் டிக்ராய் மாநிலத்தில், இந்த நிலத்தை உழும் உரிமை இவருக்கு என்று சான்றிதழ் கொடுக்கத் தொடங்கினார்கள். ஊர்க்காரர்கள் அக்கம்பக்கத்தார் முன்னிலையில் அளந்து, நான்கு பக்கமும் யார் நிலம் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். வரைபடம்கூடக் கிடையாது. ஒரு துண்டு நிலத்துக்கு ஏறக்குறைய ஒரு டாலர்தான் செலவு. அதை வைத்து நிலத்தை விற்கவோ வங்கியில் அடகு வைக்கவோ அப்போது சட்டம் இடம் தரவில்லை. ஆனாலும் விவசாயிகள் சரிவுகளில் கல் வரப்பு கட்டினார்கள், மண் அரிப்பைத் தடுத்தார்கள். உழ ஆளில்லாத வீட்டுப் பெண்கள் பயமின்றி நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். கல் வரப்பின் பலன் கைக்கு வர ஆண்டுகள் ஆகும். நிலம் தன்னிடமே இருக்கும் என்று நம்புகிறவர்தான் அந்தக் கல்லைச் சுமப்பார்.

ஆகவே, பட்டா வழங்கப்போகிறோம் என்று ஓர் அரசு சொன்னால், கடனைப் பற்றிக் கேட்காதீர்கள். யார் பெயரில் என்று கேளுங்கள். கென்யாவில் 1950-களில் தொடங்கிய பதிவில் பெரும்பாலும் குடும்பத் தலைவரான ஆணின் பெயர்தான் ஏறியது. களை பறித்து அறுவடை செய்த மனைவியின் உரிமை ஏட்டில் இல்லாமல் போனது. எத்தியோப்பியாவின் அம்ஹாராவில் கணவன், மனைவி இருவர் படத்தையும் சான்றிதழில் ஒட்டினார்கள். பார்க்கச் சின்ன ஏற்பாடுதான். ஆனால் அவளுக்குத் தெரியாமல் அந்த நிலத்தை இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பது கடினம். ருவாண்டா 2009-லிருந்து சில ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட துண்டு நிலங்களைப் பதிந்தது. வானிலிருந்து எடுத்த படத்தை விரித்து, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் உரியவர்களோடு நடந்து வரப்பின்மேல் கோடு போட்டார்கள். மனைவிக்கும் பங்கு எழுதினார்கள், ஆனால் சட்டப்படி பதிவான திருமணமாக இருக்க வேண்டும். பதியாமல் குடும்பம் நடத்திய பெண்கள் தவித்துப்போனார்கள்.

அடுத்த கேள்வி, பதிவேட்டை யார் புதுப்பிப்பார்கள் என்பது. முதல் பதிவுக்கு வெளிநாட்டு நிதி வரும், விழா நடக்கும். பிறகு அப்பா இறப்பார், நான்கு பிள்ளைகள் வாய்ப்பேச்சில் பாகம் பிரிப்பார்கள், அதில் ஒருவர் தன் பங்கை விற்பார். கென்யாவில் இறந்தவர்களின் பெயரிலேயே நிலங்கள் தங்கிப்போனது இப்படித்தான். ருவாண்டாவில் நிலம் சிறிதோ பெரிதோ, பெயர் மாற்ற ஒரே கட்டணம் என்று வைத்தார்கள். சிறு துண்டை விற்பவருக்கு அது கட்டுபடியாகவில்லை. வெள்ளைத் தாளில் எழுதிக் கைமாற்றினார்கள். கட்டணம் நிலத்தின் அளவுக்கு ஏற்ப இல்லையென்றால், பெயர் மாற்றும் அலுவலகம் நடந்துபோகும் தூரத்தில் இல்லையென்றால், ஒரு தலைமுறைக்குள் ஏடு பொய்யாகிவிடும்.

சொந்த நிலமே இல்லாத குத்தகைக்காரருக்குப் பட்டா பாதகமாகவும் முடியும். நாளைக்கு இவர் உரிமை கேட்பாரோ என்று பயந்து, அளவை தொடங்கும் முன்பே நிலக்காரர் அவரை வெளியேற்றிவிடுவார். அதனால் குத்தகைதாரரைத்தான் முதலில் பதிய வேண்டும். மேற்கு வங்கத்தில் 1978-ல் அதிகாரிகள் ஊருக்குள் முகாம் போட்டு, வேலை முடிந்து வந்தவர்களை மாலையில் கூட்டி, விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தை உழும் வாரதாரர்களின் பட்டியலை ஊரறிய எழுதினார்கள். அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தால் நிலக்காரருக்குப் பயந்து யாரும் வந்திருக்க மாட்டார்கள். பதிவானவரைச் சும்மா வெளியேற்ற முடியாது. விதை, உரம் போன்ற இடுபொருளை அவரே போட்டிருந்தால் விளைச்சலில் முக்கால் பங்கு அவருக்கு.

தைவானும் இந்த வரிசையில்தான் போனது. 1949-ல் குத்தகை விளைச்சலில் 37.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். எழுத்துக் குத்தகையும், குறைந்தது ஆறு ஆண்டுக் காலமும் கட்டாயமாயின. அதன் பிறகுதான் 1953-ல் நிலத்தை உழுபவருக்கு விற்றார்கள். விலை ஆண்டு விளைச்சலைப் போல் இரண்டரை மடங்கு, பத்து ஆண்டுத் தவணை. கடன்? நிலத்தை வங்கியில் ஈடு வைக்காமலே கிடைத்தது. விவசாயிகள் சங்கங்களே சேமிப்பை வாங்கி, உறுப்பினருக்குக் கடனும் கொடுத்தன, நெல்லை வாங்கிக்கொண்டு உரமும் வழங்கின. அந்த உரத்துக்கு அரசு கேட்ட நெல் அதிகம் என்ற குறை கடைசிவரை இருந்தது, அது நியாயமான குறைதான். ஆனால் விதைக்கும் நேரத்தில் உரம் வயலுக்கு வந்து சேர்ந்தது.