ஆடிப் பட்டத்துக்கு நாற்று: தயிர் கப் போதுமா?

காட்பாடியிலிருந்து: அக்கா, தயிர் கப், பால் கவர், முட்டை அட்டை எல்லாம் சேர்த்து வெச்சிருக்கேன். கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு எது சரிப்படும்?

200 கிராம் தயிர் கப்தான் முதல் தேர்வு. கோணி ஊசியைச் சூடு பண்ணி அடியில மூணு ஓட்டை, அடியை ஒட்டின பக்கத்துல ரெண்டு ஓட்டை போடுங்க. அடி ஓட்டை மட்டும் இருந்தா, கப் தளத்தோட படிஞ்சு தண்ணி வடியாம நின்னுடும். வெள்ளை கப்புல வெளிச்சம் ஊடுருவிப் பாசி பிடிக்கும், வெளியே செய்தித்தாள் சுத்திடுங்க. பால் கவரைச் சோப்பு போட்டுக் கழுவி, கீழ் மூலை ரெண்டையும் லேசா கத்தரிச்சா போதும். முட்டை அட்டை வேண்டாம். குழி ஆழமில்ல, அட்டையே ஈரத்தை உறிஞ்சிடும். வேலூர் வெயிலுக்கு மதியத்துக்குள்ள காஞ்சிடும். பூச்சிமருந்து வந்த டப்பாவை எவ்வளவு கழுவினாலும் தொடாதீங்க.

ஆரணியிலிருந்து: கலவை என்ன அக்கா? எங்க போர் தண்ணி உப்பு.

தென்னை நார்க்கழிவு ரெண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. நார்க்கழிவுலயே உப்பு இருக்கும். ஊறவெச்சுப் பிழிஞ்சு, மூணு தடவை தண்ணி மாத்துங்க. இல்லேன்னா இலை நுனி கருகும். அலசவும் ஊத்தவும் குடிதண்ணியோ மழைத்தண்ணியோ எடுங்க. கலவையை இறுக்கிப் பிடிச்சா ரெண்டு சொட்டு வரணும், ஒழுகக் கூடாது.

குடியாத்தத்திலிருந்து: முளைச்ச நாலாம் நாள் தண்டு அடியில சுருங்கிச் சாஞ்சு போகுது. ஏன்?

நாற்றழுகல் தம்பி, பூஞ்சாணம். நெருக்கமா விதைச்சு, சாயந்திரம் தண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க ஈரமா விட்டா இது வரும். கப்புக்கு ரெண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம், காலையில மட்டும் தெளிப்பு. விதைக்கிறதுக்கு முன்னாடி சூடோமோனாஸ் தூளை (பூஞ்சாணத்தை அடக்குற நல்ல பாக்டீரியா) ஆறின கஞ்சியில குழைச்சு விதை மேல பூசி, அரை மணி நேரம் நிழல்ல உலர்த்துங்க. அளவு ஒரு கிலோ விதைக்கு 10 கிராம், வீட்டுக்கு வாங்குற சின்ன விதை பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை. சாஞ்சதைக் கலவையோட தூக்கிப் போடுங்க, அந்தக் கலவை மறுபடி ஆகாது.

வாலாஜாவிலிருந்து: வெண்டை, பீர்க்கன்?

வெண்டையை நேரடியா ஊனுங்க. பீர்க்கன் வேர் அசைஞ்சா தாங்காது, டீ பேப்பர் கப்புல போட்டு ரெண்டு மூணு இலையில நடுங்க. கப் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கு, மக்காது. அடியை வெட்டிக் கழட்டிட்டு நடுங்க.

அணைக்கட்டிலிருந்து: இலவம்பாடி முள்ளு கத்தரி எப்ப மாத்தி நடலாம்?

2023-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம ரகமாச்சே, அவசரப்படாதீங்க. 30 முதல் 35 நாள், நாலஞ்சு இலை. கடைசி வாரம் தண்ணியைக் குறைச்சு, வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. கப்பை அமுக்கி, கட்டி உடையாம எடுத்து, வெயில் தாழ்ந்தப்புறம் நடுங்க.